மேடைக்குப் பின்னால் ஒரு கசெற்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியத் தொடரிலே பேச அழைத்துவிட்டு, பாட்டுக்காரரின் பேட்டிகளைப் பற்றிப் பேசப் போகிறானே என்று சிலர் முகஞ்சுழிக்கலாம். பொறுத்துக்கொள்ளுங்கள். பொப் டிலானுக்கு இலக்கியத்துக்கான நொபெல் பரிசை 2016இல் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு இந்த வேலியில் ஒரு பொட்டு விழுந்துவிட்டதென்று எடுத்துக்கொண்டு நானும் அதற்குள்ளால் நுழைகிறேன்.

சில காலமாக இரவிலே நித்திரை வராதபோது மேல்நாட்டு றொக் இசைக் கலைஞர்களின் பழைய பேட்டிகளைக் கேட்டு வருகிறேன். மேடை ஏறுவதற்கு முன்னும், இறங்கிய பின்னும், ஒப்பனை அறையிலும், ஹோட்டல் தாழ்வாரத்திலும் பதிவு செய்யப்பட்டவை. 1964இல் பீற்றில்ஸ் குழு அமெரிக்காவுக்குப் போனபோது, லரி கேன் என்ற இளம் வானொலி நிருபர் அவர்களோடு ஊர் ஊராகச் சுற்றி, ஒலிப்பதிவுக் கருவியை நீட்டியபடி நின்றார். அவற்றைக் கேட்கும்போது கேள்வியும் பதிலும் அல்ல, பின்னாலே கேட்கும் சத்தந்தான் என்னைப் பிடித்து வைக்கிறது. கதவு சாத்துகிறது. யாரோ தேநீர் கேட்கிறார்கள். இருபத்துநாலு வயதுக்காரன் ஒருவன் களைத்துப்போன குரலில் நகைச்சுவை சொல்ல முயல்கிறான். பாட்டை எத்தனை முறையும் திருத்திப் பதியலாம். இந்தக் களைப்பைத் திருத்த ஒருவரும் மினக்கெடவில்லை.

ஒரே பேச்சு இடம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ஜோன் லெனனின் கதை நல்ல உதாரணம். 1966 மார்ச் 4ஆம் திகதி லண்டன் ஈவ்னிங் ஸ்ராண்டர்ட் பத்திரிகையில் மொறீன் கிளீவ் என்ற நிருபர் அவரைப் பற்றி எழுதினார். கிறிஸ்தவம் மங்கிப்போகும், தாங்கள் இப்போது இயேசுவிலும் பார்க்கப் பிரபலம் என்ற கருத்துப்பட லெனன் சொன்னது அதிலே வந்தது. இங்கிலாந்தில் ஒருவரும் துள்ளிக் குதிக்கவில்லை. சில மாதங்களின் பின் அமெரிக்கச் சஞ்சிகை ஒன்று அந்தப் பேச்சிலிருந்து ஒரு வரியைப் பிடுங்கி முகப்பிலே போட்டது. இசைத்தட்டுகளைக் குவித்து எரித்தார்கள். அவ்வாண்டு ஓகஸ்ற் 11இல் சிக்காகோவில் நிருபர்கள் முன் இருந்து லெனன் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. வீட்டிலே, தெரிந்த ஒரு பெண்ணிடம் சாவகாசமாகச் சொன்ன சொல் அது.

பொப் டிலானின் 1965 இங்கிலாந்துப் பயணத்தைப் பென்னபேக்கர் படமாக எடுத்திருக்கிறார். அதிலே டைம் சஞ்சிகையின் நிருபரை டிலான் போட்டு வாட்டுகிற காட்சி ஒன்று உண்டு. இளவயதில் அதைப் பற்றி வாசித்தபோது டிலானின் பக்கம் நின்று கைதட்டினேன். இப்போது பார்க்கையில் அந்த நிருபரின் முகத்தைத்தான் பார்க்கிறேன். ஏனென்று பிறகு சொல்கிறேன்.

எங்கள் பக்கத்துக்கு வருவோம். கோப்பாய்க்கு அடுத்த ஊர் உரும்பிராய். ஈழத்துத் தமிழ்ப் பொப் இசையைத் தொடக்கி வைத்தவர்களில் முதலாவதாகச் சொல்லப்படும் நித்தி கனகரத்தினம் அந்த ஊர்க்காரர். ஒரு கிற்றாரோடு அவர் பாடிய ‘சின்ன மாமியே’ அறுபதுகளின் பிற்பகுதியில் புறப்பட்டு, கலியாண வீடு, பாடசாலைச் சுற்றுலா, பஸ்ஸின் பின் ஆசனம் எல்லாவற்றுக்குள்ளும் புகுந்துவிட்டது. அதே காலத்தில் கொழும்பிலே கிளாரன்ஸ் விஜேவர்த்தனவும் அனஸ்லி மாலேவனவும் மூன்ஸ்ரோன்ஸ் என்ற குழுவோடு சிங்களப் பாட்டை மாற்றிக்கொண்டிருந்தார்கள். மிக்னோன் பெர்னாண்டோவின் ஜெட்லைனர்ஸ் குழு ஆங்கிலத்தில் அமர்க்களப்படுத்தியது. எங்களுடைய ஏ. ஈ. மனோகரன் ‘சுராங்கனி’யைத் தூக்கிக்கொண்டு கடல் கடந்தார். செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நாவல் 1978இல் படமானபோது அதிலும் நடித்தார். தமிழ்நாட்டார் அவரைச் சிலோன் மனோகர் ஆக்கிக்கொண்டார்கள்.

இதைத் துள்ளிசை என்று வானொலியில் நாகரிகமாகச் சொன்னார்கள். எங்கள் தகப்பன்மார் கூத்தாட்டம் என்றார்கள். அவர்கள் திட்டிய அளவுக்கு அந்தப் பாட்டு வளர்ந்தது என்பது என் அபிப்பிராயம்.

2018 ஜனவரி 22இல் மனோகரன் சென்னையில் காலமானார். அன்று பின்னேரம் ஒரு நண்பர் தொலைபேசியில் கேட்டார், அந்தக் காலத்திலே நீ கசெற் கருவியைத் தூக்கிக்கொண்டு திரிந்தவன்தானே, ஏதும் மிச்சம் கிடக்கிறதா என்று. மனோகரனை நான் ஒருநாளும் பேட்டி காணவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை அலுமாரியின் மேல்தட்டுக்கு ஏறச் செய்தது.

என் மாமா கப்பலிலே வேலை செய்தவர். 1970 தொடக்கம் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த காலம். செத்தல் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தபடியால் கோப்பாய்த் தோட்டக்காரர் அதைப் பொற்காலம் என்பார்கள். கசெற் கருவிதான் கண்ணாலே காணக் கிடைக்காது. மாமா ஒன்று கொண்டுவந்து தந்தார். செங்கட்டி அளவு. நாலு பெரிய பற்றரி போடவேண்டும். பற்றரியின் விலையோ என் கைச்செலவுக்குக் கட்டுபடியாகாது. ஆகவே நாலு பற்றரியை ஒரு மாதத்துக்கு இழுப்பேன். வெயிலிலே காயவைத்தால் கொஞ்சம் உயிர் வரும் என்ற நம்பிக்கையில் கூரையில் அடுக்கியும் வைப்பேன்.

1976ஆம் ஆண்டு, எங்கள் பகுதிக் கோயில் ஒன்றின் பூங்காவனத் திருவிழா. கோயிலின் பெயர் வேண்டாம். முதலிலே மேளக்கச்சேரி, நடுச்சாமத்துக்குப் பிறகு இசைக்கோஷ்டி. அப்போதைய வழக்கம் அது. பெரியவர்கள் மேளத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். பொடியள் மணலில் ஒரு நித்திரை கொண்டுவிட்டு இசைக்கோஷ்டிக்கு எழும்புவார்கள். மேடைக்குப் பின்னால் கிடுகுத் தட்டி கட்டி, ஒரு வாங்கும் இரண்டு கதிரையும் போட்டு, பெற்றோமாக்ஸ் ஒன்றைத் தூக்கியிருந்தார்கள். எங்கள் ஒப்பனை அறை அதுதான்.

அன்று புதுப் பற்றரி போட்டு, அறுபது நிமிஷக் கசெற் ஒன்றோடு போனேன். மேளக்கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போதே இசைக்கோஷ்டியின் கிற்றார்க்காரரைப் பிடித்துவிட்டேன். என்னிலும் நாலைந்து வயது மூத்தவர், கல்லூரி படித்தவர். நாடாவின் முதற்பக்கம் முழுவதும் அவர்தான். இரண்டாம் பக்கம் ஒரு தவில் வித்துவான். அவரும் காலமாகிவிட்டார். குடும்பத்தார் விரும்பாததனால் பெயர் சொல்லவில்லை. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி மறைந்து ஒரு வருஷம் ஆகியிருந்த நேரம். அந்தப் பெருங் கலைஞரைப் பற்றி நாலு வார்த்தை கேட்கலாமென்றுதான் இவரிடம் போனேன். தன் கச்சேரி முடிந்து, வாங்கிலே இருந்து, வலக்கை விரல்களில் மாட்டியிருந்த கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். மேடையிலே அப்போது இசைக்கோஷ்டி தொடங்கிவிட்டது. கிற்றார், ட்ரம்ஸ், மின் ஓர்கன் எல்லாமாக இரைச்சல். அதற்கு நடுவிலேதான் பேட்டி.

இப்படி வேறு இடங்களிலும் பதிந்ததையெல்லாம் சேர்த்தால் பதினொரு கசெற்றுகள். பெரிய காரியம் என்று அப்போது நினைக்கவில்லை. டொமினிக் ஜீவா தமது ‘மல்லிகை’ அட்டையிலே ஈழத்து எழுத்தாளரையும் கலைஞரையும் போட்டு வந்தார். அவருக்கு இவற்றை எழுதிக் கொடுக்கலாமென்று யோசித்தேன். யோசித்ததோடு சரி.

1990க்குப் பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லை, பற்றரி தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையாலே சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட காலம். 1993 என்று நினைவு, என் மருமகன் பெடலைச் சுற்ற, அந்தத் திருவிழாக் கசெற்றை ஒருமுறை போட்டுக் கேட்டோம். அவன் வேகமாகச் சுற்றினால் வித்துவான் கீச்சிடுவார். களைத்தால் முனகுவார். இரண்டு பேரும் சிரித்தோம்.

1995 ஒக்ரோபர் 30. அந்த இரவைப் பற்றி எழுதியவர்கள் எழுதிவிட்டார்கள். வலிகாமம் முழுவதும் மழையிலே கிழக்கு நோக்கி நடந்தது. எங்கள் வீதி கைதடிப் பாலத்துக்குப் போகிற வீதி. ஆகவே ஊரெல்லாம் எங்கள் படலையைக் கடந்துதான் போயிற்று. அம்மா அரிசிப் பேணிக்குள் உறுதியையும் அடையாள அட்டைகளையும் வைத்தபோது, நான் கைக்கு எட்டிய நாலு கசெற்றைச் செருகினேன். தெரிந்தெடுக்கவில்லை. இருட்டு.

1996இல் திரும்பி வந்தபோது வீட்டிலே கதவுகள் இல்லை. மற்ற ஏழு கசெற்றையும் காணவில்லை. சில கிழமைகளின் பின் அயலிலே ஒரு தோட்டத்தைக் கடந்து போகையில், குருவி கலைக்கிறதற்காகத் தடி நட்டு, தடிக்குத் தடி ஒலிநாடாவை இழுத்துக் கட்டியிருப்பதைக் கண்டேன். எங்கள் ஊரில் அது வழக்கந்தான். காற்றிலே மினுங்கும், ஒருவிதமாக இரையும். கசெற் ஓடும்போது நாடா ஒரு செக்கனுக்கு ஐந்து சென்ரிமீற்றரும் போகாது. ஆகவே ஒரு தடிக்கும் அடுத்த தடிக்கும் இடையில் ஒரு மனிதர் ஒன்றிரண்டு நிமிஷம் பேசியிருப்பார். என்னுடைய நாடாவோ, சினிமாப் பாட்டோ, தெரியாது. தோட்டக்காரரிடம் கேட்கவும் இல்லை. அவருக்கும் பயிர் வேண்டும்.

பேணிக்குள் தப்பிய நாலிலே திருவிழாக் கசெற்றும் ஒன்று. மனோகரன் மறைந்த வருஷம் அதைக் கையிலெடுத்தபோது, நாடாவைத் தலையோடு அழுத்திப் பிடிக்கிற சின்னக் கம்பளித் துண்டு கழன்று விழுந்திருந்தது. பெடல் சுற்றிய அதே மருமகன் இப்போது ரொறன்ரோவில் இருக்கிறான். விடுமுறைக்கு வந்தபோது வேறொரு கசெற்றின் கூட்டைத் திறந்து, அதற்குள் நாடாவை மாற்றி, கணினியில் ஏற்றினான்.

இரண்டு விநோதம் கண்டோம். ஒன்று, யாராவது பேச வாயெடுக்குமுன் அவர் பேசப்போவது மெல்லிய நிழல்போலக் கேட்கிறது. நாற்பது வருஷம் சுருளாகக் கிடந்ததனால் ஒரு சுற்றின் காந்தம் அடுத்த சுற்றிலே பதிந்துவிடுமாம். பழைய நாடாக்களில் இது சாதாரணமாம். மற்றது, இரண்டாம் பக்கத்திலே வித்துவானின் குரல் போகப்போக உயர்ந்து, வேகமாகி, கடைசியில் சின்னப்பிள்ளை பேசுவதுபோல ஆகிவிடுகிறது. 1993இல் அதற்கு டைனமோவைக் காரணமாக்கினோம். கணினியிலும் அப்படியே வந்ததும் மருமகன் சொன்னான்:

“மாமா, பதியேக்கை பற்றரி இறங்கிப்போச்சு. நாடா மெதுவா ஓடியிருக்கு. இப்ப சரியான வேகத்திலை போட்டா ஆள் அவசரப்படுறமாதிரித்தான் கேக்கும்.”

புதுப் பற்றரியின் பலம் முழுவதையும் கிற்றார்க்காரருக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை அல்லவா இவருக்குக் கொடுத்திருக்கிறேன்! அவர் படபடவென்று பேசுகிற மனிதர் என்றே இத்தனை வருஷமும் என் மனதில் இருந்தது.

அதைத் திருத்தலாமா என்று கேட்டேன். ஓர் அளவு வேண்டுமென்றான். பிறகு பின்னணியிலே கேட்ட மின் ஓர்கனைப் பிடித்தான். அந்த வாத்தியத்துக்கு மின்சாரம் கோயில் ஜெனறேற்றரிலிருந்து வந்தது, சுருதி மாறாது. நாடாவிலே அது ஏறுகிற அளவைப் பார்த்துப் பார்த்து, இடத்துக்கு இடம் வேகத்தைக் குறைத்தான். இரண்டு இரவு பிடித்தது. மூன்றாம் நாள் காலை, திண்ணையில் இருந்து கேட்டேன். ஆறுதலான, அடித்தொண்டைக் குரல் ஒன்று, ஒவ்வொரு சொல்லுக்கும் இடம் விட்டுப் பேசியது. பின்னாலே பொப் பாட்டு. அந்தப் பாட்டுத்தான் அவருக்கு அவருடைய குரலைத் திருப்பிக் கொடுத்தது.

குரல் திருந்தியதும் என்னுடைய குரலும் திருந்தியது. அங்கேதான் நான் பிடிபட்டேன்.

முதற்பக்கத்தில் கிற்றார்க்காரரிடம் நான், “அண்ணை, நீங்கள் எப்ப பழகத் தொடங்கினனீங்கள்?” என்று கேட்கிறேன். இரண்டாம் பக்கத்தில், என்னிலும் முப்பது வயது மூத்த வித்துவானிடம், “நீர் எத்தினை வயசிலை தவில் எடுத்தனீர்?” என்கிறேன். அவர் பதிலிலே, “தம்பி, நீங்கள் கேக்கிறது…” என்று தொடங்குகிறார். இருபது வயதுப் பொடியனுக்கு, நீங்கள்.

தமிழ்நாட்டு நேயர்களுக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்துப் பேச்சிலே நீ, நீங்கள் இரண்டுக்கும் நடுவில் நீர் என்று ஒன்று உண்டு. சிநேகிதருக்கும் சொல்வோம், அதிலே குற்றமில்லை. ஆனால் மூத்த மனிதர் ஒருவரை இளையவன் நீர் என்றால், அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் இடையிலே என்ன இருக்கிறதென்று ஊருக்குத் தெரியும். நான் நினைத்துச் சொல்லவில்லை. நினையாமல் வந்ததுதான் பிரச்சினை. நான் முற்போக்குக் கூட்டங்களுக்குப் போனவன், சாதியத்துக்கு எதிராகச் சுவரொட்டி ஒட்டினவன். பசை வாளி தூக்கிய கைதான் அந்தக் கசெற் கருவியையும் தூக்கியது.

இன்னும் இருக்கிறது. இடையிலே, “தேத்தண்ணி குடிச்சனீரே?” என்று கேட்கிறேன். “குடிச்சனான் தம்பி. போத்திலிலை தந்தவை” என்கிறார். அவ்வளவுதான். குறையாகச் சொல்லவில்லை, மழை பெய்தது என்பதுபோலச் சொல்கிறார். கிற்றார்க்காரருக்கும் எனக்கும் மூக்குப்பேணியிலே வந்த தேநீர் அவருக்குப் போத்தலிலே போயிருக்கிறது. நாடாவிலே அதற்குப் பிறகு ஒரு சிறு சிரிப்பு. என்னுடையது. உடனே அடுத்த கேள்விக்குத் தாவுகிறேன். தாளத்தைப் பற்றிய புத்திசாலித்தனமான கேள்வி. சுருளிலே பதிந்த நிழலின் புண்ணியத்தால் அந்தச் சிரிப்பு வருமுன்னரே ஒருமுறை மெதுவாகக் கேட்டுவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் இரண்டு தரம் கேட்கவேண்டியிருக்கிறது.

டைம் சஞ்சிகை நிருபரின் முகத்தை இப்போது பார்க்கிறேன் என்று சொன்னேனே, காரணம் இதுதான். பேட்டி கண்டவன் என்னவானான் என்று ஒருவரும் கேட்பதில்லை. லெனனோடு பேசியவர்கள் அவரை என்ன மதிப்பில் வைத்துப் பேசினார்கள் என்பதை ஆங்கில நாடாவிலே ஒரு சொல்லை வைத்துப் பிடிக்கமுடியாது. யாருக்கும் ஒரே ‘யூ’தான். தமிழ் எங்களை வினைமுற்றிலேயே காட்டிக்கொடுத்துவிடுகிறது. கேட்டனீர், கேட்டனீங்கள். ஓடி ஒளிக்க இடமில்லை.

வித்துவானின் பேத்தி ஒருத்தி பிரான்சிலே இருக்கிறா. என்னிடம் இப்படியொரு கசெற் இருக்கிறதென்று யார் மூலமோ அறிந்து தொடர்புகொண்டா. அவவின் வீட்டில் அப்பப்பாவின் படம் ஒன்றுதான் உண்டு, குரலும் இல்லை, வாசிப்பும் இல்லை. அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு மூன்று மாதம் அனுப்பாமல் இருந்தேன்.

மருமகன் தீர்வு வைத்திருந்தான். “உங்கடை கேள்வியளை வெட்டிவிடுறன் மாமா. அவர் தனியக் கதைக்கிறமாதிரி இருக்கும். போத்தில் கதையையும் எடுத்துவிடலாம். ஒருத்தருக்கும் தெரியாது.” அவன் சொன்னதிலே நியாயமும் உண்டு. தன் அப்பப்பா போத்தலிலே தேநீர் குடித்ததை, தூரதேசத்திலே பிறந்த பிள்ளை ஏன் கேட்கவேண்டும்? அவர் வாழ்ந்திருந்தால் அதைப் பேத்திக்குச் சொல்லியிருப்பாரா? இதற்கு எனக்கு இன்றும் விடை தெரியாது. ஆனால் வெட்டுவதற்கு நான் ஆசைப்பட்டது அந்தப் பிள்ளைக்காக அல்ல என்பது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆகவே முழுவதையும் அனுப்பினேன். இன்ன இடத்திலே இன்னது வரும், அந்தச் சிரிப்பு என்னுடையது என்று ஒரு கடிதமும் எழுதினேன்.

பதினைந்து நாள் பதில் இல்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி எடுத்தா. கடிதத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

“அங்கிள், மற்றப் பக்கத்திலை, கிற்றார் வாசிக்கிறவர் கதைக்கேக்கை, பின்னாலை ஒரு தவில் கேக்குது. அது ஆர்?”

நான் எத்தனை தடவை அந்தப் பக்கத்தைக் கேட்டிருப்பேன்! கிற்றார்க்காரர் எந்தத் தந்தி எங்கே வாங்கினார், எந்த இசைத்தட்டைக் கேட்டுப் பழகினார் என்பதையெல்லாம் மனப்பாடமாகச் சொல்வேன். அவர் பேசிய அரைமணி நேரமும் கிடுகுத் தட்டிக்கு அப்பால் மேளக்கச்சேரி நடந்துகொண்டிருந்தது. பற்றரியும் முழுப்பலத்தில் இருந்தது. நான் அதை இரைச்சல் என்றுதான் வைத்திருந்தேன்.

“அது உங்கடை அப்பப்பாதான் பிள்ளை” என்றேன்.

மறுபக்கத்திலே சத்தமில்லை. சற்றுப் பொறுத்து, தனியாவர்த்தனம் எந்த இடத்தில் வருகிறதென்று கேட்டா. கசெற்றை எடுத்து வந்து போட்டேன். கிற்றார்க்காரர் தன் முதல் மேடையைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிற இடத்திலே அது ஆரம்பிக்கிறது. அவர் பேசி முடித்து, நான் அடுத்த கேள்வி கேட்டு, அவர் சிரித்து, பிறகு இருவரும் கொஞ்சம் சும்மா இருக்கிறோம். அந்தச் சும்மா இருக்கிற நேரத்தில் தவில் நன்றாகக் கேட்கிறது. பதினொரு செக்கன்.